தலையை வெட்டிவிட்டு உடலைக் காட்டுகிறவர்கள்

தொலைக்காட்சியில் 'அதிகரித்துவரும் உடல்பருமன்' என்று செய்தி ஓடும்போது பின்னணியில் என்ன காட்டுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஒரு கடைத்தெரு. யாரோ ஒரு அம்மா நடந்துபோகிறார். கேமரா அவருடைய இடுப்பிலேயே நிற்கிறது. அடுத்தது ஒருவருடைய வயிறு. அதற்கடுத்தது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருடைய முதுகும் பின்புறமும். கழுத்துக்கு மேலே யாருக்கும் எதுவும் இல்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் கூப்பர் என்கிற செயற்பாட்டாளர் 2007இல் இந்தப் படங்களுக்கு ஒரு பெயர் வைத்தார். 'தலையில்லாத குண்டுகள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவரும் குண்டானவர்தான். முகத்தை மறைப்பது அந்த மனிதர்களுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் என்று சேனல்காரர்கள் சொல்லக்கூடும். அந்தரங்கத்தின் மேல் அவ்வளவு அக்கறை இருப்பவர்கள் கேட்காமல் ஏன் படம் எடுத்தார்கள்? தலை இல்லாத உடலுக்கு வாய் இல்லை, கண் இல்லை, பெயர் இல்லை. அது திருப்பிக் கேள்வி கேட்காது. அந்த வசதிக்காகத்தான் தலை வெட்டப்படுகிறது.

இது யாரோ ஒருவருடைய மனக்குறை அல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் இணையச் செய்திகளோடு வந்த படங்களை எடுத்து எண்ணிப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குண்டானவர்கள் இடம்பெற்ற படங்களில் 72 சதவீதம் அவர்களை இழிவுபடுத்தும் விதத்தில் இருந்தன. ஒல்லியானவர்களின் படங்களைவிட இவர்களுடைய படங்களில்தான் தலை வெட்டப்படுவது அதிகம். வயிற்றை மட்டும் காட்டுவதும் அதிகம்.

உடலைக் காட்டு, ஆளைக் காட்டாதே என்கிற விதி நமக்குப் புதிதல்ல. மலக்குழியில் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளில் துணிக்கு வெளியே நீண்டிருக்கும் கால்களைப் பார்த்தே பழகியவர்கள் நாம். சாதி இழிவும் உடல்பருமன் மீதான கேலியும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. சாதி பிறப்பிலேயே ஒட்டிக்கொள்வது, தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது, நிலத்தையும் உழைப்பையும் சேர்த்துப் பறிப்பது. அதை வேறு எதனோடும் சமன்படுத்த முடியாது. ஆனால் ஒரு மனிதரைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாமல், சான்றுப்பொருளாக மேசைமேல் எடுத்துவைக்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது. அந்த வேலையைப் பார்த்தவுடன் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

சரி, செய்தியில் வருவது சில விநாடிப் படம். மணிக்கணக்கில் ஓடும் ஆவணத் தொடர்களில் முகம் இருக்கிறதே, பேச்சு இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவின் டி.எல்.சி. சேனலில் 2012இல் தொடங்கிய 'மை 600-எல்.பி. லைஃப்' தொடரை எடுத்துக்கொள்வோம். 600 பவுண்டு என்றால் சுமார் 272 கிலோ. டி.எல்.சி. என்பதன் பழைய விரிவு 'கற்றல் சேனல்'. என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆள் மாறுவார், கதை மாறாது. படுக்கையிலிருந்து எழச் சிரமப்படும் ஒருவர். அவர் குளிக்கும் காட்சி. அவர் சாப்பிடும் காட்சி, அதுவும் மிக அருகிலிருந்து. சின்ன வயதில் அவருக்கு நேர்ந்த கொடுமையை அவரே அழுதுகொண்டு சொல்லும் காட்சி. பிறகு ஹூஸ்டன் நகரத்துக்கு நெடும்பயணம், மருத்துவர் யூனான் நவ்ஸரதான், எடைமேடை, திட்டு, நாளுக்கு 1,200 கலோரி உணவு. சொன்னபடி குறைத்தால் அறுவைசிகிச்சை. குறைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் திட்டு.

எடை குறைப்பு அறுவைசிகிச்சையை விளக்க ஒருவருடைய குளியலறைக்குள் கேமரா எதற்கு? இதயநோய் பற்றிய ஆவணப்படத்தில் நோயாளியை அம்மணமாகக் குளிக்கவைத்துக் காட்டுவார்களா? புற்றுநோய் பற்றிய படத்தில் காட்டுவார்களா? இங்கே மட்டும் அது ஏறக்குறைய கட்டாயக் காட்சியாக இருக்கிறது. பார்க்கிறவருக்கு அருவருப்பு வரவேண்டும். வந்த பிறகு, 'பாவம், என்னதான் ஆகிறது பார்ப்போம்' என்று அவர் கடைசிவரை உட்காரவேண்டும். அருவருப்பையும் பரிதாபத்தையும் மாற்றி மாற்றி ஊட்டுவதுதான் இந்தத் தொடரின் சமையல் குறிப்பு.

இந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் அந்த மருத்துவரின் மகன். சிகிச்சை தருகிறவர் அப்பா, படம் பிடிப்பது மகனுடைய நிறுவனம். நடுவில் நிற்கிற நோயாளி 'இந்தக் காட்சி வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? சிகிச்சைக்கு வேறு போக்கிடம் இல்லாத ஒருவர் போடுகிற கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 2020இல் இந்தத் தொடரில் பங்கேற்ற பலரும், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் குடும்பமும் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் டெக்சாஸில் வழக்குத் தொடர்ந்தார்கள். தேவையான மனநல உதவி தரவில்லை, காட்சிக்காக நெருக்கடி கொடுத்தார்கள் என்பவை அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகள். ஆக, முகம் இருந்தாலும் தலை வெட்டப்படத்தான் செய்கிறது. அவர் பேசலாம், ஆனால் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்புக்குப் பொருந்துவதை மட்டும் பேசலாம்.

அந்தத் தீர்ப்பு என்ன? 'நீ குண்டாக இருப்பது உன் தப்பு. மனஉறுதி இருந்தால் இளைத்துவிடலாம்.' இதையே போட்டியாக மாற்றி என்.பி.சி. சேனல் 2004இல் ஆரம்பித்ததுதான் 'தி பிக்கஸ்ட் லூசர்'. யார் அதிக எடை குறைக்கிறாரோ அவருக்குப் பரிசு. பயிற்சியாளர் கத்துவார், போட்டியாளர் ஓடும் மெஷினில் ஓடி ஓடி வாந்தி எடுப்பார். கடைசி நாளில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைதட்டுவார்கள். அதோடு நிகழ்ச்சி முடிந்துவிடும். அந்த மனிதருடைய வாழ்க்கை முடிவதில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். ஒரே பருவத்தில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து, முடிவை 2016இல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. அவர்கள் அளவு உடலுக்கு ஒரு நாளில் எவ்வளவு ஆற்றல் செலவாகவேண்டுமோ, அதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்களுடைய உடல் செலவழித்துக்கொண்டிருந்தது. பட்டினி போடப்பட்ட உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிக்கனத்துக்கு மாறி, ஆறு வருடம் ஆகியும் அதிலேயே நின்றுவிட்டது. 'மறுபடி ஏறிவிட்டான் பார், வாயைக் கட்ட முடியவில்லை' என்று ஊர் சொல்லும். வாய் அல்ல, உடலின் கணக்கே மாறியிருந்தது. அந்தக் கணக்கை மாற்றியதில் நிகழ்ச்சிக்கும் பங்கு உண்டு. 2025இல் நெட்ஃபிளிக்ஸ் அந்த நிகழ்ச்சியின் உள்விவகாரங்களை மூன்று பாக ஆவணத் தொடராக வெளியிட்டது. முதலில் அவமானப்படுத்திப் படம் எடுத்தார்கள், பிறகு அந்த அவமானத்தைப் பற்றியும் படம் எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் பார்வையாளர்கள் கிடைத்தார்கள்.

'எப்படியோ, பார்க்கிறவர்களுக்கு விழிப்புணர்வு வருகிறதே' என்பார்கள். வருவது விழிப்புணர்வு அல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழுவுக்கு 'பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியின் ஒரே ஒரு பகுதியையும், மற்றொரு குழுவுக்கு இயற்கை பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் போட்டுக் காட்டினார்கள். முதல் குழுவிடம் குண்டானவர்கள் மீதான வெறுப்பு கூடியிருந்தது. எடை என்பது அவரவர் கையில்தான் இருக்கிறது என்கிற எண்ணமும் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், அறுபது பேர்கூட இல்லை. ஆனால் ஒரு மணி நேரம்கூட ஓடாத நிகழ்ச்சி செய்த வேலை அது. இதையே பத்துப் பன்னிரண்டு வருடம் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பிறகு மருத்துவராக, ஆசிரியராக, வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளராக எதிரே உட்காருகிறார்கள்.

இந்த வெறுப்பு தனியாக வருவதில்லை. ஏழ்மை மீதான வெறுப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிவரும். இங்கிலாந்தின் சேனல் 5 தொலைக்காட்சி 2015இல் ஓர் ஆவணப்படம் போட்டது. தலைப்பே 'அரசு உதவிப்பணம்: வேலைக்குப் போக முடியாத அளவுக்குக் குண்டு' என்கிற அர்த்தத்தில்தான். அரசு உதவித்தொகைகளை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெட்டுகிற அரசுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தொலைக்காட்சி அவனைப் படம் பிடித்துக் காட்டியது. உன் வரிப்பணத்தில்தான் இவன் தின்கிறான் என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. 'இட ஒதுக்கீட்டில் வந்தவன்', 'இலவச அரிசியில் சோம்பேறி ஆனவன்' என்கிற வசவுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியின் இலக்கணத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவில் அரசு உதவி பெறும் தாய்மார்களின் உரிமைக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஜானி டில்மன், 1972இல் ஒரு பெண்ணிய இதழில் எழுதிய கட்டுரையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம் புகழ்பெற்றது. பெண், கறுப்பர், ஏழை, குண்டானவர், நடுவயதுக்காரர், அரசு உதவியில் வாழ்பவர் என்று வரிசையாக அடுக்கி, இதில் ஏதாவது ஒன்றாக இருந்தாலே இந்த நாட்டில் மனிதராகக் குறைவாகத்தான் மதிப்பார்கள், எல்லாமாக இருந்தால் மதிக்கவே மாட்டார்கள் என்றார். குண்டு என்பதை அவர் அந்த வரிசையிலிருந்து விட்டுவிடவில்லை. உடல் அளவும் ஓர் அரசியல் என்பது ஒடுக்கப்பட்ட பெண்களுக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

அதற்கும் நீண்ட முன்கதை உண்டு. தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்கிற பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவருடைய பின்புறத்தின் அளவைக் காட்டிக் காசு பார்த்தார்கள். 1815இல் பாரிஸில் அவர் இறந்த பிறகும் விடவில்லை. உடலை அறுத்து, எலும்புக்கூட்டையும் உறுப்புகளையும் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1970கள் வரை அவை மக்கள் பார்வைக்கு இருந்தன. 2002இல்தான் அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட்டார். குண்டான உடலை ஐரோப்பியர்கள் வெறுக்கத் தொடங்கியது மருத்துவக் காரணத்தால் அல்ல, கறுப்பு உடல்களைத் தாழ்ந்தவை என்று நிறுவும் முயற்சியோடு சேர்ந்துதான் அது வளர்ந்தது என்று சப்ரினா ஸ்டிரிங்ஸ் என்கிற சமூகவியலாளர் 2019இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். 'அடக்கமில்லாதவர்கள், தின்று தீர்ப்பவர்கள்' என்று ஓர் இனத்தை முத்திரை குத்திவிட்டால், அந்த இனத்தை அடக்கி ஆள்வது நியாயமாகிவிடும் அல்லவா?

நம் நாட்டிலும் இந்தக் கண்காட்சி நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஒரு பெண்ணைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 500 கிலோ எடை என்று சொல்லப்பட்டது. கட்டிலோடு அவரைக் கிரேனில் தூக்கி மருத்துவமனைக்குள் இறக்கியதை எத்தனை சேனல்கள் காட்டின! பிறகு எத்தனை கிலோ குறைந்தது என்பதில் மருத்துவர்களுக்கும் அவருடைய சகோதரிக்கும் பகிரங்கமாகச் சண்டை வந்தது. அங்கிருந்து அபுதாபிக்குக் கொண்டுபோனார்கள். அதே வருடம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அவருக்கு என்ன நோய்கள் இருந்தன, என்ன ஆசைப்பட்டார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? கிரேன் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கெல்லாம் எதிராகக் கிளம்பியதுதான் உடல் ஏற்பு இயக்கம். குண்டானவர்களின் உரிமைக்கான முதல் தேசிய அமைப்பு 1969இல் அமெரிக்காவில் உருவானது. அடுத்த சில வருடங்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்கிற தீவிரமான பெண்கள் குழு கிளம்பியது. 1973இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, தங்கள் போராட்டம் இனவெறிக்கும் வர்க்கச் சுரண்டலுக்கும் எதிரான போராட்டங்களின் தோழமைப் போராட்டம் என்று அறிவித்தது. எடை குறைப்பு வியாபாரத்தை நேரடியாக எதிரி என்று சொன்னது. மார்க்ஸ்-ஏங்கெல்ஸ் அறிக்கையின் கடைசி அறைகூவலைத் தங்களுக்கேற்ப மாற்றி முடித்தது. மும்பையில் தலித் சிறுத்தைகள் கிளம்பியதும் 1972இல்தான். வசவாக வீசப்பட்ட 'ஃபேட்' என்கிற சொல்லை எடுத்துத் தங்கள் பெயரிலேயே அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையிலும் 'குண்டு' என்கிற சொல்லை மழுப்பாமல் எழுதுவது அதனால்தான். கறுப்பு, நெட்டை, குட்டை போல அதுவும் ஒரு சொல். இழிவு சொல்லில் இல்லை, சொல்கிறவரிடம் இருக்கிறது.

அந்த இயக்கத்தைத் தொலைக்காட்சியும் விளம்பரமும் என்ன செய்தன? இனிப்புத் தடவி விற்றன. 2004இல் டவ் சோப்பு 'உண்மையான அழகு' என்று பிரசாரம் தொடங்கியது. எல்லா உடலும் அழகுதான் என்றது. டவ்வின் முதலாளி யூனிலீவர். அதே காலத்தில் 'ஸ்லிம்ஃபாஸ்ட்' என்கிற இளைக்கவைக்கும் பானத்தை விற்றதும் அதே யூனிலீவர்தான். இங்கே நம் பெண்களிடம் 'ஃபேர் அண்டு லவ்லி' விற்றதும் அவர்கள்தான். ஒரு கையால் உடலை நேசி என்று தட்டிக்கொடுத்து, இன்னொரு கையால் உடம்பு பெரிது, நிறம் கறுப்பு என்று குட்டுவது. கல்லாப்பெட்டி ஒன்றே.

இப்போது ஆவணப்படங்களில் 'நல்ல குண்டானவர்' என்று ஒரு பாத்திரம் வருகிறார். இடுப்பு ஒடுங்கி, முகம் அழகாக, நன்றாக உடுத்தியிருப்பார். ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருக்கும். உடற்பயிற்சி செய்வார், எப்போதும் சிரிப்பார். இவரை ஏற்றுக்கொள்ளலாம் என்று படம் அனுமதி கொடுக்கும். நடக்க முடியாதவர், சர்க்கரை நோய் உள்ளவர், கடையில் தன் அளவுக்குத் துணியே கிடைக்காதவர் ஆகியோருக்கு அந்த அனுமதி இல்லை. அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு என்கிற கருத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் மரியாதை, அவருக்குக் கீழே பழிக்க ஓர் ஆள். கீழே ஓர் ஆள் இருக்கும்வரை மேலே உள்ளவர் அமைப்பைக் கேள்வி கேட்கமாட்டார். நிபந்தனையோடு வருகிற ஏற்பு அதே வேலையைத்தான் செய்கிறது.

'அப்படியானால் உடல்பருமன் ஆரோக்கியக் கேடு இல்லை என்கிறீர்களா?' என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. எடை கூடுவதற்கும் சர்க்கரை நோய்க்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் நோய் இருப்பவருக்கு மரியாதை கிடையாது என்று யார் சட்டம் போட்டது? அவமானம் யாரையும் இளைக்கவைத்ததில்லை. மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் அது செய்கிற வேலை. எந்த வலிக்குப் போனாலும் 'முதலில் எடையைக் குறை' என்று திருப்பி அனுப்பினால், அடுத்த முறை கட்டி வந்தாலும் காட்டப் போகமாட்டார்கள். பெரிய கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இல்லாத அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுவார்கள். ஸ்கேன் மெஷினுக்கும் அறுவைசிகிச்சை மேசைக்கும் எடை வரம்பு உண்டு. இவை எல்லாம் ஆரோக்கியப் பிரச்சினைதான். எத்தனை ஆவணப்படங்கள் அந்தப் பட்டையின் அளவைக் கேமராவில் காட்டியிருக்கின்றன?

வேறு மாதிரிப் படம் எடுக்க முடியாதா? முடியும். 2023இல் வந்த 'யுவர் ஃபேட் ஃப்ரெண்ட்' ஆவணப்படம் இருக்கிறது. பெயர் வெளியிடாமல் எழுதத் தொடங்கி, பிறகு வெளியே வந்த ஆப்ரி கார்டன் என்கிற எழுத்தாளரைப் பற்றி ஜீனி ஃபின்லே பல வருடம் கூடவே இருந்து எடுத்த படம். எடைமேடையில் ஏற்றி அழவைக்கும் முடிவு அதில் இல்லை. இளைத்துக் காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பெண் எழுதுகிறார், பெற்றோரோடு பேசுகிறார், வாதாடுகிறார். தன் வாழ்க்கையைப் பற்றி அவரே சாட்சி சொல்கிறார்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கவேண்டாம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடல்பருமன் பட்டியலில் வருகிறார்கள். நம் தொலைக்காட்சிகளும் யூடியூப் சேனல்களும் அவர்களைப் பற்றிப் படம் எடுக்காமல் இருக்கப்போவதில்லை. 'குண்டு' என்று பெயருக்கு முன்னால் ஒட்டவைத்து நகைச்சுவை நடிகர்களை உருவாக்கிய சினிமாவைப் பார்த்துப் பழகிய நாடு இது. கேலிக்கு இங்கே பயிற்சி தேவையில்லை.

ஆகவே படம் எடுக்கிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டாகவேண்டும். கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். முகத்தைக் காட்ட அவருக்குச் சம்மதமில்லை என்றால் வயிற்றையும் காட்டாதீர்கள். சிகிச்சையைக் கொடுத்துக் காட்சியை வாங்காதீர்கள். நோயைப் பற்றிப் பேசும்போது கூலி, வேலைநேரம், கடையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்ப் பலகாரம், தெருவில் நடக்க இடமில்லாத குடியிருப்பு ஆகியவற்றையும் பேசுங்கள். மிச்சிகன் மாநிலம் எடையை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 1976லேயே சட்டத்தால் தடுத்தது, நியூயார்க் நகரம் 2023இல் தடுத்தது. இங்கே அப்படி ஒரு சட்டம் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு படம் எடுங்கள். இளைத்தவரின் கதையை மட்டும் முடிவாக வைக்காதீர்கள். இளைக்காமலே வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, சண்டை போட்டு, சிரித்து வாழ்கிறவர்கள்தான் அதிகம்.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குளியல் காட்சி வரும்போது சேனலை மாற்றுங்கள். அந்தத் துண்டுக் காட்சி வாட்ஸ்அப்பில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை குண்டாக இருந்தால் அந்த நிகழ்ச்சியைக் காட்டி 'இப்படி ஆகிவிடுவாய்' என்று மிரட்டாதீர்கள். அந்தப் பிள்ளை அதிலிருந்து உணவைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளாது. தன் வீட்டிலேயே தன்னை யாரும் மதிக்கவில்லை என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.